சைக்கிள் விலைக்குக் கப்பல் தேதி எதுக்கு?

ஒரு சைக்கிளுக்கு விலை சொல்றது இம்புட்டுப் பெரிய ரோதனைன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அது துருப்பிடிச்சுக் கெடந்த எடத்துலயே விட்டுட்டு வந்திருப்பேன். ரெண்டு வருஷம் அதோட மல்லுக்கட்டினேன். அப்பல்லாம் எனக்குக் கோவமே வரல. விக்கப் போறேன்னு வாயைத் தொறந்த அன்னிக்கு ஆரம்பிச்சது எரிச்சல். பதினேழு நாள், தூங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எரிச்சல்தான்.

நான் ராமநாதபுரம் ஜில்லாக்காரன். இருபத்துமூணு வயசுல கப்பலேறி அந்தமானுக்கு வந்தேன். போர்ட் பிளேயர்ல கப்பல் ரிப்பேர் பட்டறையில முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஃபிட்டர் வேலை. ரிட்டையர் ஆகி மூணு வருஷமாச்சு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு கப்பல் வந்து நிக்கற ஹேடோ ஜெட்டிப் பக்கத்துலயே ஒரு வாடகை வீட்டுல இருக்கோம், நானும் என் வீட்டுக்காரியும். ஒரே பொண்ணைத் திருச்சியில கட்டிக் குடுத்திருக்கோம். ரிட்டையர் ஆன வாரத்துல என் வீட்டுக்காரி ஒரு தடவை கேட்டா: "நாம மெயின்லேண்டுக்கே போயிரலாமாங்க? புள்ள பக்கத்துல இருக்கலாம்." நான் "பாக்கலாம்"னேன். அதுக்கப்புறம் அவ கேக்கல, நானும் பேச்சை எடுக்கல. உண்மையைச் சொன்னா எனக்குப் போக இஷ்டம் இல்ல. அங்க போயி நான் என்ன செய்ய? மருமகன் வீட்டு ஹால்ல உக்காந்து டி.வி. பாக்கவா? இங்க நாலு தெரு நடந்தா நாப்பது பேர் "என்ன உஸ்தாத்"ம்பான். அவ போகணும்னு நெனைக்கிறா, நான் இருக்கணும்னு நெனைக்கிறேன். ஒரே வீட்டுக்குள்ள இது ரெண்டும் மூணு வருஷமா சத்தமில்லாம குடித்தனம் பண்ணிட்டிருந்துச்சு.

சைக்கிளுக்கு வரேன். சைக்கிள்னா பால்காரன் சைக்கிள் இல்ல. இங்கிலாந்துல செஞ்ச டூரிங் வண்டி. மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு ஊர் ஊரா போறதுக்குன்னே நீளமா, தாழ்வா செஞ்சது. ஹேண்டில் ரெண்டு பக்கமும் கீழ வளைஞ்சிருக்கும். முன்னாடி ஒரு கேரியர், பின்னாடி ஒரு கேரியர். பின் சக்கரத்து ஹப்புக்குள்ளயே மூணு கியர். எந்தக் காலத்துலயோ ஒரு வெள்ளைக்காரர் அதுல தீவு சுத்தலாம்னு கப்பல்ல ஏத்திக் கொண்டாந்திருக்கார். இங்க இருக்கற மேட்டைப் பாத்திருப்பார். ஒரு லாட்ஜுல போட்டுட்டு ஊரைப் பாக்கப் போயிட்டார். அந்த லாட்ஜை இடிக்கறப்போ பழைய இரும்புக் குவியல்ல கெடந்துச்சு. பழைய இரும்பு எடைக்குக் காசு குடுத்துத் தூக்கிட்டு வந்தேன். வீட்டுக்காரி பாத்துட்டு, "இதுவும் நம்மகூட இருக்கப் போவுதா?"ன்னா. அம்புட்டுதான் சொன்னா.

நம்ம ஊரு உப்புக்காத்து சும்மா விடுமா? சீட்டு குழாய் ஃப்ரேமோட ஒட்டிப் போய், ரெண்டும் ஒரே இரும்பாட்டம் நின்னுச்சு. தினமும் காலையில ரெண்டு சொட்டு டீசல் ஊத்துவேன், சாயங்காலம் ஒரு தட்டு தட்டுவேன். ஒண்ணரை மாசம் கழிச்சு ஒரு நாள் முறுக்குன உடனே 'கிர்'ருன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, பொண்ணு மொத மார்க் வாங்குனப்போ கூட நான் அப்படிக் கத்தல. கியர் ஹப்பைத் தொறந்தேன். உள்ள கடுகு சைஸ்ல ஒரு ஸ்பிரிங். அது துள்ளி ஓடிருச்சு. ரெண்டு பேரும் முட்டி போட்டு வீட்டையே கூட்டிப் பெருக்கித் தேடிப் புடிச்சோம். டயர் இருபத்தேழு இஞ்சு. மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல வரணும். மொதல்ல இருபத்தெட்டு வந்துச்சு, அப்புறம் இருபத்தாறு வந்துச்சு. மூணாவது தடவைதான் சரியானது வந்துச்சு. முன்னாடி முப்பத்திரெண்டு, பின்னாடி நாப்பது போக்ஸ் கம்பி, எல்லாத்தையும் புதுசாக் கோத்து, கோட்டம் எடுத்து, கரும்பச்சை பெயின்ட் அடிச்சு நிறுத்தினேன். ஜம்முன்னு நின்னுச்சு.

ரெண்டு மாசம் ஓட்டினேன். அதுக்குள்ள முட்டி வலி. டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் புடிச்சுப் பாத்துட்டு, தேஞ்சு போச்சு, மேட்டுல மிதிக்கவே கூடாதுன்னுட்டார். போர்ட் பிளேயர்ல மேட்டுல மிதிக்காதேன்னா கடல்ல முங்காம மீன் புடின்னு சொல்றாப்புல. சரி, வித்துருவோம், ஓட்டுறவன் ஓட்டட்டும்னு முடிவு பண்ணினேன். விலை யோசிக்கறதுக்கே நாலு நாள் ஆச்சு. மெயின்லேண்டுல இந்த மாதிரி வண்டியை அம்பதுக்கும் மேல சொல்றாங்கன்னு பொண்ணு போன்ல பாத்துச் சொல்லுச்சு. இங்க அம்பதாயிரம்னா ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிருவான். கூலியைச் சேக்கலாமா வேணாமான்னு எனக்குள்ளயே ஒரு சண்டை. ஒண்ணரை மாச டீசல் தட்டுக்கு என்ன கூலி போட? சாமான் செலவுக்கு மேல கொஞ்சம் மரியாதைக்குன்னு வச்சு, முப்பத்திரெண்டாயிரம்னு நிறுத்தினேன். பேரம் கெடையாது.

என்கிட்ட இருக்கறது பட்டன் போன். வீட்டுக்காரிகிட்டதான் பெரிய போன். ஊர்ச் சாமான் வாங்க விக்கன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, பெங்காலி, தெலுங்கு, மலையாளி, நம்ம ஆளுங்க எல்லாரும் அதுலதான் கட்டிலும் பிரிட்ஜும் விப்பாங்க. எல்லாருக்கும் பொதுவா இந்தியை இங்கிலீஷ் எழுத்துல அடிப்பாங்க. நான் சொல்லச் சொல்ல அவ அடிச்சா. இங்கிலீஷ் வண்டி, மூணு கியர், எல்லாம் புதுசு, முப்பத்திரெண்டு, ஒரே விலை, என் நம்பர். நான் செயினுக்கு எண்ணெய் விட எந்திரிச்சுப் போயிட்டேன். அவ போட்டுட்டேன்னா. எனக்கு அதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அரை மணி நேரத்துல மொத போன். "அங்கிள், குரூப்ல பாத்தேன். கவுன்சா ஜஹாஜ்?" எந்தக் கப்பல்னு கேக்குறான். எந்தக் கப்பல்னா? "கப்பல் இல்லப்பா, சைக்கிள்"ன்னேன். "அதான் அங்கிள், எந்தக் கப்பல்ல போறீங்க?" "நான் எங்கயும் போகல." "அச்சா அச்சா, தேதி இன்னும் முடிவாகலையா? ஆனதும் சொல்லுங்க"ன்னு வச்சுட்டான். அடுத்த போன், ஒரு அம்மா. அதே கேள்வி. மூணாவது ஆளு கொஞ்சம் நாசூக்கா, "குடும்பத்தோட போறீங்களா, தனியாவா?"ன்னான். ராத்திரி சாப்பாட்டுக்குள்ள ஏழு பேர். ஒருத்தன் கூட டயர் எப்படி, கியர் எப்படின்னு கேக்கல. கேட்டதெல்லாம் கப்பல் தேதிதான்.

எனக்கும் புரியாம இல்ல. இந்த ஊரு வழக்கம் அப்படி. இங்க பாதிப் பேர் கவர்மென்ட் வேலைக்கு மெயின்லேண்டுலேருந்து வந்தவங்க. டிரான்ஸ்பர் வந்தா கட்டிலு, பீரோ, வாஷிங் மிஷின் எதையும் கப்பல்ல ஏத்திக் கட்டுப்படியாகாது. வித்துட்டுத்தான் போகணும். வாங்குறவன் வந்து பாப்பான், விலை கேப்பான், கப்பல் தேதி கேப்பான், டீ குடிச்சுட்டுப் போயிருவான். பத்து நாள் இருக்கா? மூணுல ஒரு பங்கு குறையும். மூணு நாள் இருக்கா? பாதி. கப்பல் ஏறுற அன்னிக்கு ஹேடோ ஜெட்டியில வச்சு, "இந்தாப்பா, சாவியையும் நீயே வச்சுக்கோ"ன்னு சும்மா குடுத்துட்டுப் போவாங்க. யோக்கியன் மாதிரிப் பேசுறேன், எங்க வீட்டு பீரோ அப்படி வந்ததுதான். கடற்படை ஆளு ஒருத்தர் எட்டாயிரம் சொன்னாரு. நான் கப்பல் வரைக்கும் பொறுத்திருந்து ஆயிரத்து இருநூறுக்கு எடுத்துட்டு வந்தேன். அப்போ எனக்கு அது சாமர்த்தியமாத் தெரிஞ்சுச்சு. இப்போ ஊரே என்கிட்ட அந்தச் சாமர்த்தியத்தைக் காட்டுது.

ஆனா நான் போகலையே! அதுதானே என் வயித்தெரிச்சல். விக்கறவன் எல்லாம் ஊரை விட்டுப் போறவன்தான்னு இவனுங்களா முடிவு கட்டிக்கிட்டா நான் என்ன செய்ய? எனக்குத் தெரிஞ்ச கான்ட்ராக்டர் ஒருத்தர், மதுரைப் பக்கம், வீட்டுக்கே வந்துட்டார். வண்டியை ஒரு கையால தூக்கிப் பாத்தார், மாட்டுச் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்கற மாதிரி மணியை அடிச்சுப் பாத்தார். "கடையில புதுசு, பெரிய டயரு, ஷாக் அப்சார்பர் எல்லாம் போட்டு பதினஞ்சுக்குக் குடுக்கறானே அண்ணே, இது பழசுதானே?" "பழசுங்கறதாலதான்யா முப்பத்திரெண்டு!" அவருக்குச் சிரிப்பு. "சரி விடுங்க. எப்பக் கெளம்புறீங்க? அன்னிக்கு வரேன், பன்னெண்டு ரூபா தரேன், வண்டி வச்சு உங்க பெட்டியெல்லாம் ஜெட்டியில கொண்டாந்து விட்டுர்றேன்"ன்னார். பன்னெண்டாயிரமும் ஒரு ஆட்டோ சவாரியும். நான் போகலைய்யா, போகலைய்யான்னு கத்தினேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தாண்ணே சொல்லுவாங்க, விலை கொறையக் கூடாதுன்னு"ன்னு கண்ணடிச்சுட்டுப் போறார். என்ன சொல்லி என்னத்தை விளங்க வைக்க?

அடுத்த நாள் பட்டறையில என்கூட வேலை பாத்தவன், இன்னும் சர்வீஸ்ல இருக்கறவன், ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்தான். நல்லா கயிறு போட்டுக் கட்டி, மேல மார்க்கர்ல பரமக்குடி விலாசம். கருவாடு. பத்து வீட்டுக்கு மணக்குது. "எங்க அக்கா வீடு. நீ எறங்கி ஒரு போன் போட்டா வந்து வாங்கிக்கும்." மெயின்லேண்டுக்கு எவன் போனாலும் அவன் தலையில நாலு பார்சலைக் கட்டுறது இந்தத் தீவோட சட்டம். எனக்குத் தெரியும், நானும் கட்டியிருக்கேன். "டேய், நான் போகலடா"ன்னேன். அவன் மொகம் சுருங்கிப் போச்சு. "பிரியம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, அதுக்கு ஏன் பொய் சொல்றே? முப்பது வருஷம் ஒண்ணாச் சாப்ட்ருக்கோம், ஒரு வார்த்தை சொல்லாமக் கெளம்புறே"ன்னு கண்ணு கலங்குறான். போகாத மனுஷனுக்கு வழியனுப்பு விழா! சமாதானம் பண்ணி, பெட்டியைத் திரும்பத் தூக்கிக் குடுக்கறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிருச்சு. அவன் நம்புனானான்னு இப்பவும் தெரியாது.

உச்சகட்டம் வீட்டு ஓனர். லோக்கல் ஆளு, அவங்க கொள்ளுத்தாத்தாவைக் கைதியாக் கொண்டாந்து எறக்குனாங்களாம், அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். நல்ல மனுஷன்தான். ஒரு நாள் சாயங்காலம் நான் சாத்தம் பாலம் வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வரேன், வீட்டு வாசல்ல எங்களுது இல்லாத மூணு ஜோடிச் செருப்பு. உள்ள ஓனரும் இன்னொரு ஆளும். அந்த ஆளு எங்க படுக்கை ரூம்ல டேப்பை வச்சு அளந்துட்டிருக்கான்! கட்டில் போட எடம் பத்துமான்னு பாக்கறானாம். ஓனர் என் தோள்ல கையைப் போட்டு, இந்தியில, "பாய் சாப், உங்களை மாதிரி வாடகைதாரர் கெடைக்க மாட்டாங்க. ஆனா என்ன செய்ய, பிள்ளைங்க இருக்கற எடத்துக்குப் போய்த்தானே ஆகணும்"ங்கறார். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள சமையக்கட்டுலேருந்து என் வீட்டுக்காரி குரல் கேக்குது. அந்த ஆளோட பொண்டாட்டிக்கு அவ தண்ணித் தொட்டியைக் காட்டிட்டிருக்கா. "ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி வரும். ராத்திரியே புடிச்சு வச்சுக்கணும். இந்தக் குழாயை அழுத்தித் திருப்பாதீங்க, கழண்டுரும்."

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! ஓனரைக் கையெடுத்துக் கும்பிட்டு, நாங்க எங்கயும் போகல, நான் விக்கறது ஒரு சைக்கிள், ஒரே ஒரு சைக்கிள்னு இந்தியிலயும் தமிழ்லயும் மாத்தி மாத்திச் சொன்னேன். அவர் என்னைப் பாத்தார், அவளைப் பாத்தார், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, அட்வான்ஸ் நான் இன்னும் வாங்கல"ன்னு நழுவிட்டார். அவங்க போனதும் நான் இவ மேல பாஞ்சேன். "நீ எதுக்குத் தொட்டியைக் காட்டுனே?" "கேட்டாங்க, காட்டுனேன்." "நாம போகலைன்னு சொல்ல வேண்டியதுதானே?" "நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்களே"ன்னுட்டு டம்ளரைக் கழுவப் போயிட்டா. நான் அவளுக்கு ஊர் வம்பு பழகிப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். என்னைவிடப் பெரிய கூமுட்டை இந்தத் தீவுல அன்னிக்கு எவனும் இல்ல.

ஞாயித்துக்கிழமை காலையில ஒரு டீச்சர் வந்தாங்க. முப்பது வயசு இருக்கும், நம்ம தமிழ்ப் பொண்ணு, புரோத்ராபூர்ல வீடு, தெனமும் அங்கேருந்து டவுனுக்கு சைக்கிள்லதான் ஸ்கூலுக்கு வர்றாங்களாம். வந்ததும் எந்தக் கப்பல்னு கேக்கல. வண்டியைச் சுத்தி வந்தாங்க. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விட்டு, காதைப் பக்கத்துல வச்சுக் கேட்டாங்க. கோட்டம் இருக்கான்னு ஒரு கண்ணை மூடிப் பாத்தாங்க. பெடல் கட்டையில இருக்கற காட்டர் பின்னை விரலால அசைச்சுப் பாத்துட்டு, "இதைச் சுத்தியால அடிக்காம அழுத்திப் போட்டிருக்கீங்க அங்கிள்"ன்னாங்க. அய்யா, எனக்கு அழுகையே வந்துரும் போல ஆச்சு. பதினேழு நாள்ல மொத தடவையா ஒரு ஆளு சைக்கிளைப் பாக்குது! ஓட்டிப் பாருங்கன்னேன். கீழ ஜெட்டி ரோடு வரைக்கும் போயி, மேட்டுல மூணாவது கியர்லேருந்து ஒண்ணுக்கு மாத்தி மாத்தி ஏறி, இறங்காம வாசல் வரைக்கும் வந்தாங்க. மூச்சு வாங்குது, மொகமெல்லாம் சிரிப்பு.

"விலை சரிதான் அங்கிள், நான் கொறைக்கச் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும்"னு போனை எடுத்தாங்க. "எப்பக் கெளம்புறீங்க?" போச்சுடா! நான் சூடாயிட்டேன். "நீங்களுமா டீச்சர்? சைக்கிள் வித்தா ஊரை விட்டுப் போறேன்னு அர்த்தமா? எவன் சொன்னான்?" அவங்க பயந்துட்டாங்க. "இல்ல அங்கிள், நீங்கதானே போட்டிருக்கீங்க"ன்னு போனை என் பக்கம் திருப்பிக் காட்டுனாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மொத வரி: ஹம் லோக் மெயின்லேண்ட் ஜா ரஹே ஹைன். நாங்க மெயின்லேண்ட் போறோம். அதுக்குக் கீழதான் என் இங்கிலீஷ் வண்டி, மூணு கியர், முப்பத்திரெண்டு எல்லாம். பதினேழு நாளா ஊர்க்காரன் ஒவ்வொருத்தனையும் நான் திட்டித் தீத்தேனே, அவனுங்க பாவம், எழுதியிருந்ததைப் படிச்சுட்டுத்தான் கேட்டிருக்கானுங்க.

ஒரு நிமிஷம் இருங்கன்னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டு உள்ள போனேன். அவ டீ வடிகட்டிட்டிருந்தா.

"அந்த மொத வரியை யார் எழுதுனது?"

"நான்தான்." திரும்பிக்கூடப் பாக்கல.

"நான் சொன்னேனா?"

"இல்ல."

"பின்ன எதுக்குடி எழுதுனே?"

வடிகட்டியைத் தட்டி வச்சா. "சும்மா எழுதிப் பாத்தேன். எழுதினா எப்படி இருக்கும்னு. உடனே அழிச்சிரலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள நீங்க போட்டுட்டியா போட்டுட்டியான்னு அங்கேருந்து கத்துனீங்க, அழுத்திட்டேன். சரி, அப்புறமா அழிப்போம்னு பாத்தா, எதுத்த வீட்டு அக்கா வந்து எந்தக் கப்பல்னு கேட்டாங்க. கீழ கடையில கேட்டாங்க. மீன்காரம்மா கேட்டுச்சு." டம்ளர்ல டீயை ஊத்துனா. "கேக்க நல்லா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

ஊரு மொத்தமும் கேட்டு என்னை எரிச்சலாக்குன கேள்வி, இவளுக்கு மட்டும் கேக்கக் கேக்க இனிச்சிருக்கு. முப்பத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஜெட்டியில, மூணு நாள் வாந்தியெடுத்த மொகத்தோட எறங்குனவ. அவ அம்மா செத்த சேதி வந்தப்போ அடுத்த கப்பலுக்கு அஞ்சு நாள் இருந்துச்சு. பிளேன் டிக்கெட்டுக்கு வக்கு இல்ல. அவ சமையக்கட்டுலயே உக்காந்து அழுதுட்டு மறுநாள் எனக்குச் சோறு கட்டிக் குடுத்தா. பொண்ணோட ரெண்டு பிரசவத்துக்கும் போயிட்டு, நான் தனியா இருப்பேன்னு நாப்பதே நாள்ல திரும்பி வந்தா. அவளைப் பாத்து நான் ஒரு தடவையாவது "எந்தக் கப்பல்ல போகலாம்?"னு கேட்டதில்ல. அந்தக் கேள்வியை மீன்காரம்மா கேட்டிருக்கு. என் மேலயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்துச்சு.

வெளிய வந்தேன். டீச்சர் ஹேண்டிலைப் புடிச்சபடியே நின்னுட்டிருந்தாங்க. "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க, காரணம் இருக்கு"ன்னு பொறுமையாச் சொன்னாங்க. "இந்த ஹப்பைத் தொறந்து மூடத் தெரிஞ்ச ஆளு இந்தத் தீவுல நீங்க ஒருத்தர்தான். நாலு கடையில கேட்டுட்டேன், எவனுக்கும் தெரியல. நீங்க இங்க இருப்பீங்கன்னா முப்பத்திரெண்டு, இப்பவே தரேன். ஏதாவது ஆச்சுன்னா உங்ககிட்டத் தூக்கிட்டு ஓடி வருவேன். நீங்க போயிருவீங்கன்னா, கியர் ஒரு நாள் மக்கர் பண்ணா அதோட இது சும்மா நிக்கற இரும்பு. அப்போ என்னால பதினாறுதான் தர முடியும். நீங்களே சொல்லுங்க."

வேற யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனா அது நேர்மையான விலை. நான் நாலு நாள் மண்டையை ஒடைச்சுக் கண்டுபுடிக்காததை இந்தப் பொண்ணு ஒரே வாக்கியத்துல சொல்லிட்டாங்க. பாதி விலை வண்டிக்கு, மீதிப் பாதி நான் இங்க இருக்கறதுக்கு. போகல, எங்கயும் போகலன்னு இந்தப் பதினேழு நாள்ல நூறு தடவை கத்தியிருக்கேன். அதே ஒரு வார்த்தையை நூத்தி ஒண்ணாவது தடவை சொன்னா முப்பத்திரெண்டாயிரம் கையில. கேட்ட விலை, பேரம் இல்லாம. டீத் தட்டைத் தூக்கிட்டு அவ வாசப்படியில வந்து நின்னா. என் மொகத்தைப் பாக்கல, தட்டையே பாத்துட்டு நின்னா. என் பதில் என்னவா இருக்கும்னு அவளுக்குத் தெரியும். மூணு வருஷமாத் தெரியும்.

எரிச்சல் போயிருச்சான்னு கேட்டா, போகல. இவ மேல கோவம், என் மேல கோவம், திருச்சி வெயில் மேல கோவம், மருமகன் வீட்டு டி.வி. மேலகூட அப்பவே கோவம் வந்துருச்சு.

"பதினாறே குடுங்க டீச்சர்"ன்னேன்.

வாசப்படியில அவ தட்டைக் கீழ வச்சா. முந்தானையால மொகத்தை ஒரு தடவை அழுத்தித் தொடச்சா. இத்தனை நாளா இந்தச் சைக்கிள் விலையில தலையிடாதவ, என்னைப் பாத்து ஒரே அதட்டா அதட்டுனா.

"இருபது சொல்லுங்க. டிக்கெட்டு ரெண்டு எடுக்கணும்ல."